நிழல் மேடை – 11: கள்ளிக்கொப்பும் ஃப்ராய்டின் விஷ்ணுவும்

ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்ட இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். முன்கதை வேண்டுவோர் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் மெடியா என்று சொல்லியிருந்தேன். வருவாள். அதற்குள் ஒரு சங்கதி குறுக்கே வந்து சம்மணமிட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் எனக்குப் பேனா ஓடாது.

1931 மே 6 அன்று ஃப்ராய்டுக்கு 75 வயது நிறைந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் அதையொட்டி வியன்னாவுக்கு ஒரு பரிசு அனுப்பியது. தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு; அனந்தனின் சுருளே ஆசனம், படமே குடை. வேலைப்பாடு எந்த ஊருடையது தெரியுமா? திருவாங்கூர்! அன்று நாஞ்சில் நாடும் அந்த ராஜ்யத்தில்தானே இருந்தது? எகிப்து, கிரேக்கத்துப் பழஞ்சிலைகள் நெருக்கியடித்து நின்ற ஃப்ராய்டின் எழுதுமேசையில் நம்மூர்ப் பெருமாளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 1933இல் அவரிடம் சிகிச்சைக்குப் போன அமெரிக்கக் கவிஞர் எச்.டி., தன் நினைவுநூலில் இச்சிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு தந்தத்தில் கீறல் விட்டது. கல்கத்தாவில் பழகிய சாமிக்கு வியன்னாவின் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கிழவர் குறித்துவைத்தார். கல்கத்தா இல்லை பாட்டா, இது இடவப்பாதி மழையில் ஊறிய சாமி!

சிலையை வைத்துக்கொண்டாரே தவிர, அனுப்பியவரின் வாதத்தை ஃப்ராய்டு ஏற்கவில்லை. ஈடிபஸ் சிக்கலின் காயடிப்பு அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரியும் அளவுக்குத் தன் இந்திய நோயாளிகளிடம் தெரிவதில்லை; பெண்ணாக மாறும் ஆசை இங்குள்ள ஆண்களிடம் சுலபமாக மேலே வருகிறது என்று போஸ் எழுதினார். ஃப்ராய்டு மரியாதையாகப் பதில் போட்டார், அவ்வளவுதான். போஸ் மட்டும் ஒரு கோயில் கொடைக்கு நம் பக்கம் வந்து வில்லுப்பாட்டில் நீலி கதையைக் கேட்டிருந்தால் சண்டை இன்னும் சுவாரசியமாகியிருக்கும்.

இனி மெடியா. கி.மு. 431இல் யூரிபிடிஸ் மேடையேற்றினார். போட்டியில் கடைசி இடம்தான் கிடைத்தது. தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணக்கும் கணவனைப் பழிவாங்க, பெற்ற பிள்ளைகள் இருவரையும் கொல்கிறாள். நீலி இதைத் தலைகீழாகச் செய்கிறாள்: பழிவாங்க ஒரு பிள்ளையை உண்டாக்குகிறாள்.

கதை நம்மவர்களுக்குத் தெரியும், பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும் என்பதும் தெரியும். நம்பி தாசி லட்சுமியிடம் சொத்தை எல்லாம் தொலைக்கிறான். லட்சுமியின் தாய் அவனைத் துரத்துகிறாள். பின்னாலேயே வந்த லட்சுமியைக் காட்டில் தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொன்று நகையை எடுத்துக்கொள்கிறான். சாகும்போது அவள் பக்கத்திலிருந்த கள்ளியைச் சாட்சி வைக்கிறாள். மறுபிறவியில் அவன் செட்டி, அவள் நீலி. கள்ளிக்கொப்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபைக்கு இழுக்கிறாள். பிள்ளை அப்பா என்று தாவுகிறது. காவலுக்கு அவன் வைத்திருந்த மந்திர ஆயுதத்தை வாங்கிவைத்துவிட்டு, ஊரார் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம்.

கொலையைப் பார்த்த சாட்சியும் அவன் மடிக்குத் தாவும் பிள்ளையும் ஒரே கள்ளி! என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடாதது இதுதான். ஈடிபஸைப் போலவே செட்டிக்கும் எச்சரிக்கை கிடைத்திருக்கிறது, செய்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. ஃப்ராய்டு மறந்துபோன குழந்தைப் பருவத்தைத் தோண்டினார். நம் பாட்டுக்காரர்களுக்கு அந்த இருட்டறையின் பெயர் முற்பிறவி. அமுக்கப்பட்டது மாறுவேடத்தில் திரும்பும் என்றார் அவர். இங்கே அது பால்மணம் மாறாத முகத்தோடு திரும்புகிறது.

அந்த நீலியைத்தான் நாம் இசக்கியாக வைத்துக் கும்பிடுகிறோம். இசக்கி சிலைகளை உற்றுப் பாருங்கள்: இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. பிள்ளையில்லாதவர்கள் அவளிடமே போய் மரத்தொட்டில் கட்டுகிறார்கள். கைக்குழந்தையின் மனம் தாயை நல்லவளாகவும் கெட்டவளாகவும் இரண்டாகப் பிளந்துவைக்கும் என்று உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் பக்கம் பக்கமாக எழுதினார். நம் வேளார் இரண்டையும் ஒரே மண்ணில் பிசைந்து சுட்டுவைத்துவிட்டார்.

வில்லுப்பாட்டில் இந்தத் திரும்பிவருதல் எப்படி நடக்கிறது என்பதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டு பற்றி 1988இல் வந்த தன் நூலில், சாமியாடிக்கு அருள் வருவது பெரும்பாலும் பாட்டில் சாவு வரும் கட்டத்தை ஒட்டித்தான் என்று காட்டுகிறார். அண்ணாவியின் வீசுகோல் வேகமெடுக்கிறது, குடம் அதிர்கிறது, கொலையுண்டவள் எதிரே நின்று ஆடுகிறாள். ஏதென்ஸ் நாடகத்தில் சாவு பெரும்பாலும் பார்வைக்கு மறைவில். தூதன் வந்து வாயால் சொல்வான். இங்கே செத்தவளே வந்து சொல்கிறாள். கேட்டவர்கள் நடுங்கி, திருநீறு வாங்கி, வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் கணக்கு முடிவதில்லை, அடுத்த கொடைக்கும் அவளை அழைத்தாக வேண்டும்.

ஏதென்ஸ்காரர்கள் முடித்துவிட்டதாக நினைத்தார்கள். கி.மு. 458இல் வந்த எஸ்கைலஸின் ஓரெஸ்டியாவில், பழிகேட்டுத் துரத்தும் பேய்களை அதீனா நயமாகப் பேசி மலையடியில் குடிவைக்கிறாள். க்ளைன் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அவர் இறந்தபின் 1963இல்தான் அச்சானது. இந்த வாரத்துக்கென்று எடுத்துவைத்ததே அதைத்தான். விஷ்ணு பக்கத்தைத் தின்றுவிட்டார். அடுத்த வாரம் அதுவும், இடம் இருந்தால் எலெக்ட்ராவும்.