மோட்டாரின் பியூஸ் மெல்லிய வயரைக் காக்காது

1950களில் பரந்தனில் தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலை, உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. போரில் அது அழிந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய நம் குடும்பங்கள் பெரிய மோட்டாரை அருகில் காண்பது இன்று நெல் ஆலையில்தான். கூலிக்கு நிற்பதும் அங்கேதான்.

ஆலைச் சுவரிலுள்ள ஸ்ராட்டர் பெட்டியில் இருவகை வயர்கள் உண்டு. தடித்தவை மோட்டாருக்குச் செல்வன. மெல்லியவை பச்சை, சிவப்புப் பொத்தான்கள் வழியாக ஒரு சுருளுக்குச் செல்வன. பச்சையை அழுத்தினால் சுருள் காந்தமாகி மோட்டாருக்கு மின்சாரத்தை விடும். சிவப்பை அழுத்தினால் விட்டுவிடும்.

மெல்லிய வயர் பிரிவது தடித்த வயரிலிருந்தே. மோட்டாருக்கு 63 அம்பியர் பியூஸ் இருக்க, 1 சதுர மில்லிமீற்றர் வயர்களை எலி கடித்து அவை முட்டிக்கொண்டால், பியூஸ் எரியுமுன் வயரே உருகிவிடலாம். சுற்றிலும் உமித்தூசு! 'ஓவர்லோட் இருக்கிறதே' என்பார்கள். அது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை மட்டுமே பார்க்கும். எனவே மெல்லிய வயர் பிரியும் இடத்திலேயே தனிப் பியூஸ் வேண்டும். சாதாரண ஸ்ராட்டருக்கு 2 அல்லது 4 அம்பியர் போதும். சுருள் 400 வோல்ற்றுக்குரியதாயின் இரு பக்கமும் பியூஸ் வேண்டும்.

இதைவிட ஆபத்தான பிழையொன்று உண்டு. 230 வோல்ற்றுச் சுருளின் ஒரு முனை நேரே நியூட்றலுக்குச் செல்லவேண்டும். பொத்தான்கள் உயிர்க்கம்பியில் இருக்கவேண்டும். மாறி இணைத்திருந்தால், சுருளுக்கும் பொத்தானுக்கும் இடையிலுள்ள வயர் தேய்ந்து இரும்புப் பெட்டியில் முட்டும்போது மின்சாரம் நிலத்தின் வழியே சுற்றை முடித்துவிடும். சிவப்பை அழுத்தினாலும் மோட்டார் நிற்காமற் போகலாம். பட்டியில் கை அகப்பட்டவரை நினைத்துப் பாருங்கள்.

மின்வேலை தெரிந்தவர் வரும்போது, மெயின் சுவிச்சை நிறுத்தியபின் இவ்விரண்டையும் பார்க்கும்படி முதலாளியிடம் கேளுங்கள்.