'போர்டு போச்சு' என்றால் எழுதி வாங்குங்கள்

"சார்ஜ் ஏறலை. கடையில காட்டினேன், போர்டு போச்சுன்னுட்டாங்க. சரின்னு வேற வாங்கிட்டேன்." லேப்டாப் பிரச்சினை என்று வருகிறவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. வாரன்டி இருந்ததா? பில் எங்கேயோ இருக்கும், தேட வேண்டும். பத்து ரூபாய் கீரைக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற வீட்டில், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள் ஒரு வாய்வார்த்தையில் பரணுக்குப் போய்விடுகிறது.

கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் பேட்டரி. டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிமூடி பிளந்து இடைவெளி தெரிந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அடாப்டரை உடனே கழற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூடச் சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடாதீர்கள், குத்திக் காற்றை எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல்தான் வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.

உப்பவில்லை, ஆனால் 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் பழுதே இல்லை. பேட்டரி ஆயுளைக் காக்க லெனோவோ, ஆசுஸ், டெல் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் அமைப்பு அது. நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ மாற்றிவிடலாம்.

அடுத்தது அடாப்டர். டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் வட்டப் பின்னின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் வருவது அதன் வழியாக இல்லை. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்ற தகவல் மட்டும் அதில் போகிறது. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒயர் அறுந்தாலோ, மலிவு விலைப் போலியாக இருந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. டைப்-சி என்றால் அடாப்டர் முதலில் 5 வோல்ட்தான் தரும். இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே பல மாடல்களில் 20 வோல்ட் வரும். மொபைல் சார்ஜரைச் செருகிவிட்டு போர்டைப் பழிப்பதில் நியாயம் இல்லை. அதே மாடலுக்கான ஒரிஜினல் அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். புதிதாக வாங்கினால் பிஐஎஸ் முத்திரையையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, அடாப்டரில் லேப்டாப் நன்றாக ஓடி, பேட்டரி மட்டும் ஏறவில்லை என்றால்தான் போர்டைப் பற்றிப் பேச்சு வரவேண்டும். அப்போதும் கவனியுங்கள். அடாப்டரில் ஓடுகிறது என்றால் பிராசசர், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பழுது பெரும்பாலும் பேட்டரிக்குள்ளோ சார்ஜிங் பகுதியிலோதான். வேலை தெரிந்தவர் அதை மல்டிமீட்டர் வைத்துப் படிப்படியாக அளப்பார். டிசி ஜாக்கில் 19 வோல்ட் வருகிறதா, சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகளைத் தாண்டி வருகிறதா, மின்னோட்டத்தை அளக்கும் சின்ன ரெசிஸ்டரின் இரு முனையிலும் அதே வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சார்ஜிங் ஐசி. பல போர்டுகளில் இருக்கும் பிக்யூ24725 என்ற ஐசியில் அடாப்டரை உணரும் கால் ஒன்று உண்டு, அங்கே 2.4 வோல்ட்டுக்கு மேலும் 3.15-க்குக் கீழும் இருந்தால்தான் அடாப்டர் வந்திருப்பதாக அது ஏற்கும். அந்த வோல்டேஜைப் பிரித்துத் தரும் ரெசிஸ்டர் ஒன்று மதிப்பு மாறினாலே கணக்கு தப்பிவிடும். கடைசியாக, பேட்டரிக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் இரண்டு லைன்கள். பேட்டரிக்குள் இருக்கும் சிப் பதில் சொல்லாவிட்டால், போர்டில் குறையே இல்லாதபோதும் சார்ஜ் ஏறாது.

இதையெல்லாம் நீங்களே அளக்கத் தேவையில்லை. இவற்றில் எதை அளந்தீர்கள் என்று கேட்டால் போதும். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர் கோபப்படுவார். பல சர்வீஸ் சென்டர்களில் போர்டைப் பழுது பார்ப்பதே கிடையாது, முழுதாக மாற்றுவதுதான் வழக்கம். அது அவர்கள் கொள்கையாக இருக்கட்டும். ஆனால் 'எங்களிடம் சிப் லெவல் வேலை இல்லை' என்று சொல்வதற்கும் 'போர்டு போச்சு' என்று சொல்வதற்கும் இடையில் உங்கள் பணம் இருக்கிறது.

இனி காகிதம். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பழுது பார்க்க வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் எழுதித் தரும் சீட்டான ஜாப் ஷீட் இல்லாமல் லேப்டாப்பைக் கொடுக்கக்கூடாது. அதில் தேதி, மாடல், லேப்டாப்பின் சீரியல் எண் இருக்க வேண்டும். கூடவே பேட்டரி, அடாப்டரின் எண்களும். புகார்க் கட்டத்தில் அவர்கள் 'டெட்' என்றோ 'பவர் பிராப்ளம்' என்றோ கிறுக்கினால் அடித்து எழுதச் சொல்லுங்கள்: 'அடாப்டரில் இயங்குகிறது, பேட்டரி சார்ஜ் ஆகவில்லை.' ஓடிக்கொண்டிருந்த லேப்டாப், திரும்பும்போது ஓடாமல் வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான். வெளித்தோற்றத்தை அவர்கள் முன்னாலேயே படம் எடுங்கள். 'தண்ணீர் பட்டிருக்கு, வாரன்டி கிடையாது' என்றால் பட்ட இடத்தின் படத்தையும் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற குறிப்பும், வாரன்டிக்கு வெளியே என்றால் கழற்றிய பழைய பாகமும் வேண்டும். 'பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பில் தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் குறை இருந்தால் பெரிய நிறுவனமானாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் சந்துக்கடையானாலும் அதே சட்டம்தான். மறுபடியும் சொல்கிறேன்: ஜாப் ஷீட் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

தகராறு வந்துவிட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு ஜாப் ஷீட் எண்ணோடு எழுதுங்கள். தொலைபேசியில் கத்தியதற்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்ல அதிகாரம் கிடையாது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கட்டும். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையவாசலில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய முடியும். வாங்கிய பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல் நகல்கள், படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள்.

குறை இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன்: வாரன்டி இருக்கும்போதும், புகார் நிலுவையில் இருக்கும்போதும் வெளிக்கடையில் போர்டைத் திறக்க விடாதீர்கள். ஒரு முறை சூடு காட்டி ஐசியை எடுத்துவிட்டால், பழுது யாரால் வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாமல் போகலாம்.

சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஐந்து மாதம் என்று எழுதியவர்கள் அதற்கேற்ற ஆட்களையும் அமர்த்தியிருக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமையிலும் இதே கதைதான்: 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையவாசலைத் திறந்தது. போர்டின் சர்க்யூட் வரைபடம் தேடிப் போகிற மெக்கானிக்குக்கு அதனால் பெரிய பயன் இல்லை. உதிரிபாகத்தையும் வரைபடத்தையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதவரை 'போர்டு போச்சு' என்ற பேச்சு ஓயாது.

காலக்கெடுவை மட்டும் மறக்காதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நிறுவனத்தோடு மாதக்கணக்கில் மின்னஞ்சலில் மல்லுக்கட்டுவதால் அந்தக் கெடு தானாக நீளாது. போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோர வழி உண்டு. ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம் என்பதால் அதை நம்பி இருக்காமல் முன்னதாகவே தாக்கல் செய்யுங்கள்.