உங்களுக்குத் தெரியுமா? குளோரின் என்பது ஒரு நிறத்தின் பெயர்

செஞ்சிக் கோட்டைக் கல்யாண மஹாலுக்கு மதிலுக்கு அப்பாலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியே ஜலம் வந்த நாளில், ஜலத்தின் சுத்தத்தைக் கண்ணும் நாவும் மட்டுமே பரீட்சித்தன. இன்றோ, மேல்நிலைத் தொட்டிகளில் கரைக்கப்பட்டு, "குளோரின் வாடை அடிக்கிறதே!" என்று வீட்டுப் பெண்மணிகளைச் சொல்லவைக்கும் அந்த வெண்தூள், உண்மையில் குளோரினே அன்று, சுண்ணாம்போடு குளோரின் சேர்ந்து விளைந்த பிளீச்சிங் பவுடர். அசல் குளோரின், சுவாசத்தை அடைக்கும் விஷவாயு. 1774-இல் ரசாயன அறிஞர் ஷீலே கண்டறிந்த அதனை ஒரு தனிமமென்று நிரூபித்த ஹம்ப்ரி டேவி, 1810-இல், வெளிறிய பசுமஞ்சளைக் குறிக்கும் 'குளோரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லால் அதற்கு நாமகரணம் செய்தார். இலைப் பச்சையான குளோரோபில்லும் அச்சொல்லின் வழி வந்ததே. எத்தனை அழகிய உறவு!

ஆயிரம் லிட்டர் ஜலத்துக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் காலரா, டைபாய்டு கிருமிகள் மடியும். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமாதலால், அந்த மெல்லிய வாடையை வெறுக்க வேண்டுவதில்லை. செஞ்சி அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் வெண்குவியலாய் மின்னும் உப்பிலும் பாதிக்கு மேற்பட்ட எடை குளோரினே.