சிரத்தை தரும் தைரியம்

13ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டுகளைச் சொக்கநாதசுவாமி கோவிலில் இன்றும் பேணிவரும் பெங்களூரின் தொம்மலூரில், ஆகாய விமானத்தின் இரைச்சல் நெடுங்காலம் அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகவே இருந்தது. 2008 மே மாதத்தில் விமான நிலையம் தேவனஹள்ளிக்கு மாறும்வரை, தாழப் பறந்து இறங்கிய விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்பொழுது தாய்தந்தையராகி, கோடை விடுமுறை தொடங்கியதும் தம் மக்களையும் முதிய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய சிங்கப்பூருக்குப் பிரயாணப்படுகிறார்கள்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோவிலைத் தரிசித்து, சிராங்கூன் சாலையில் பசியாறிய பின், இளையவர்களின் மனம் நாடுவது செந்தோசாத் தீவையே. அங்கே இம்பியா குன்றின்மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 450 மீட்டர் தூரம் காட்டையும் மணலையும் அலையையும் கடந்து சிலோசோ கடற்கரைப் பக்கம் இறங்கும் ‘மெகாஸிப்’ என்னும் ஜிப்லைன், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வேகம் கொண்டது.

இதன் தத்துவம் எளிது. உயர்ந்த முனைக்கும் தாழ்ந்த முனைக்கும் இடையே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தில் ஒரு கப்பி. அதிலிருந்து தொங்கும் வார்களில் மனிதன். அவனை இழுப்பது புவியீர்ப்பு ஒன்றே. இமயமலைக் கிராமத்தார் கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடந்ததும், 1970களில் கோஸ்டா ரிகாவின் மழைக்காட்டு மரங்களின் உச்சியில் வாழும் உயிர்களை ஆராயப் புகுந்த டொனால்ட் பெர்ரி போன்ற விஞ்ஞானிகள் கயிறுகளின் உதவியை நாடியதும் அவசியத்தின் பொருட்டே. அந்த அவசியம் காலப்போக்கில் உல்லாசமாகி, 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்து ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் 2.83 கிலோமீட்டர் நீளமுள்ள வடமாக வளர்ந்துவிட்டது.

எனினும் குடும்பத்தோடு செல்பவர் செந்தோசாவில் கவனிக்கத் தக்கது வேகம் அன்று, அதற்கு முன் நிகழும் ஆயத்தமே. பருத்த தந்தை காற்றின் எதிர்ப்பை எளிதில் மீறி விரைந்துவிடுவார். மெலிந்த சிறுமியோ எதிர்க்காற்றில் வேகம் குன்றி நடுவழியிலேயே நின்றுவிடவும் கூடும். ஆகவேதான் எடை பார்க்கிறார்கள், வார்களை இறுக்குகிறார்கள், தலைக்கவசத்தைச் சரிசெய்கிறார்கள், எதிர்முனையில் தடை ஏற்பாடு ஆயத்தமாக இருப்பதாகச் செய்தி வந்த பிறகே வடத்தில் செல்ல விடுகிறார்கள். பாட்டி மேடையிலேயே நின்று வாழ்த்தி அனுப்ப, பேத்தி தன்னந்தனியே அந்தரத்தில் புறப்படும் அக்கணத்தில், அவளைத் தாங்குவது வடம் மட்டுமன்று; முகமறியாப் பணியாளர் பலர் நாள்தோறும் சலிப்பின்றிச் செய்துவரும் சோதனையும் ஆகும்.

தைரியம் என்பது அபாயத்தை அலட்சியம் செய்வது என எண்ணும் வயதில், சிரத்தையே அச்சத்தைப் போக்கும் என்பதைப் பிள்ளைகள் உடலால் உணர்ந்துகொள்வதே இத்தகைய யாத்திரையின் பரம பிரயோஜனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அஞ்சும் குழந்தையைக் கேலி செய்து ஏற்றிவிடும் பெற்றோர் அப்பிரயோஜனத்தையே அழித்துவிடுகிறார்கள். ராமநகரக் குன்றுகளிலும் குடகிலும் கம்பிவடங்கள் வந்துவிட்ட இந்நாளில், வடத்தைக் கடைசியாக எப்பொழுது சோதித்தீர்கள் என்று அவற்றை நடத்துவோரிடம் நாம் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். அக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாமல் பதிவேட்டை எடுத்துக் காட்டும் இடத்தில் மட்டுமே நம் மக்களை ஏற்றவும் வேண்டும்.