உயிரணுக் கோட்பாடு

உயிரணுக் கோட்பாடு அல்லது செல் கொள்கை என்பது உயிரினங்களின் உடல் எதனால் ஆனது, அது எவ்வாறு உருவாகிறது என்பவற்றை விளக்கும் உயிரியல் கோட்பாடாகும். உயிரினங்கள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை என்பதும், ஓர் உயிரணு ஏற்கெனவே உள்ள மற்றோர் உயிரணுவிலிருந்து மட்டுமே தோன்றும் என்பதும் இதன் சாரம் ஆகும். உயிரணுவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்றும், இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றும் குறிப்பிடுகின்றன.

அடிப்படைக் கூற்றுகள்

இக்கோட்பாடு பொதுவாக மூன்று கூற்றுகளாகக் கூறப்படுகிறது.

1. உயிரினங்கள் அனைத்தும் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரணுக்களால் ஆனவை.
2. உயிரினங்களின் கட்டமைப்புக்கும் செயற்பாட்டுக்கும் உயிரணுவே அடிப்படை அலகு.
3. உயிரணுக்கள் அனைத்தும் ஏற்கெனவே உள்ள உயிரணுக்கள் பிளவுபடுவதால் தோன்றுகின்றன.

முதல் இரண்டு கூற்றுகளும் 1839 ஆம் ஆண்டளவில் உருவாகிவிட்டன. மூன்றாவது கூற்றை அறிவியலாளர்கள் ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றக்கூடும் என்ற பழைய நம்பிக்கைக்கு எதிரானது இக்கூற்றே.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் ஊக், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அதில் தேன்கூட்டை ஒத்த சிறு அறைகள் இருப்பதை 1665 இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். சிற்றறை என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து செல் என்ற பெயர் வந்தது. ஒரு கன அங்குலத் தக்கையில் இத்தகைய அறைகள் 120 கோடிக்கும் மேல் இருக்கும் என அவர் கணக்கிட்டார். எனினும் அவர் கண்டவை இறந்த உயிரணுக்களின் வெற்றுச் சுவர்களே. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த ஆன்டனி வான் லீவன்ஹூக், தாமே தேய்த்து உருவாக்கிய வில்லைகளைக் கொண்டு 1670களில் நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டார். பற்களில் படியும் படலத்தில் பாக்டீரியாக்கள் இருப்பதை 1683 இல் விவரித்தார்.

தாவர உயிரணுக்களில் காணப்படும் உருண்டையான பகுதிக்கு 1831 இல் இராபர்ட் பிரவுன் உட்கரு எனப் பொருள்படும் பெயரை இட்டார். தாவரங்கள் முழுவதும் உயிரணுக்களால் ஆனவை என்று 1838 இல் செருமானியத் தாவரவியலாளர் மத்தியாசு சிலைடன் கூறினார். விலங்குகளுக்கும் இது பொருந்தும் என்று 1839 இல் தியோடர் சுவான் காட்டினார். மரமும் மாடும் ஒரே வகையான அலகுகளால் ஆனவை என்பது அக்காலத்தில் புதிய செய்தியாகும்.

ஆயினும் புதிய உயிரணுக்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதில் இருவரும் தவறான கருத்தையே கொண்டிருந்தனர். கரைசலில் படிகங்கள் விளைவது போல, ஒருவகை நீர்மத்திலிருந்து உயிரணுக்கள் தாமாகத் திரண்டு உருவாகின்றன என்று அவர்கள் எண்ணினர்.

பெர்லினில் பணியாற்றிய இராபர்ட் இரேமாக், கோழிக் கருவின் குருதி உயிரணுக்கள் இரண்டாகப் பிளவுபடுவதை 1841 இல் கண்டார். தொடர்ந்து ஆராய்ந்து, விலங்குகளின் உயிரணுக்கள் அனைத்தும் இவ்வாறே தோன்றுகின்றன என்று 1852 இல் எழுதினார். உயிரணுக்கள் உயிரணுக்களிலிருந்தே தோன்றும் எனப் பொருள்படும் இலத்தீன் வாசகத்தை 1855 இல் பரப்பியவர் ருடால்ஃப் விர்ச்சோ ஆவார். பாடநூல்கள் பலவும் இக்கண்டுபிடிப்பை விர்ச்சோவின் பெயரிலேயே குறிப்பிடுகின்றன. இரேமாக்கின் முந்திய ஆய்வுகளை விர்ச்சோ உரியவாறு குறிப்பிடவில்லை. யூதரான இரேமாக் மதம் மாற மறுத்ததால், அக்காலப் பிரசியாவில் அவருடைய கல்விப் பணி உயர்வு தடைப்பட்டது.

1860களின் தொடக்கத்தில் பிரான்சில் லூயி பாசுச்சர் வேறொரு வழியில் இதே முடிவை வலுப்படுத்தினார். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த குழாய் கொண்ட குடுவைகளில் ஊட்டநீரைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே செல்ல முடிந்தது. தூசியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வளைவில் தங்கிவிட்டன. ஊட்டநீர் கெடவில்லை. கழுத்தை உடைத்த பின்னரே அதில் நுண்ணுயிர்கள் பெருகின. பின்னர் வால்டர் ஃபிளமிங், உயிரணுப் பிளவின்போது நிறப்புரிகள் நீளவாக்கில் பிளந்து இரு சேய் உயிரணுக்களுக்கும் பகிரப்படுவதை 1882 இல் விரிவாக விளக்கினார்.

பொது அமைப்பு

பெரும்பாலும் எல்லா உயிரணுக்களிலும் பின்வரும் நான்கு கூறுகள் காணப்படுகின்றன.

* உயிரணு மென்சவ்வு: உட்செல்வனவற்றையும் வெளிச்செல்வனவற்றையும் கட்டுப்படுத்தும் எல்லைப் படலம்.
* சைட்டோபிளாசம்: மென்சவ்வுக்கு உட்பட்ட கூழ்மப் பகுதி.
* டி.என்.ஏ: மரபுத் தகவலைத் தாங்கும் மூலக்கூறு. பாலூட்டிகளின் முதிர்ந்த செங்குருதி அணுக்கள் உட்கருவை இழந்துவிடுவதால் அவற்றில் இது இல்லை.
* ரைபோசோம்: புரதங்கள் உருவாக்கப்படும் இடம். முதிர்ந்த செங்குருதி அணுக்கள் இதையும் இழந்துவிடுகின்றன.

உயிரணுவின் அளவு

பெரும்பாலான உயிரணுக்களை வெறுங்கண்ணால் காண இயலாது. இதற்கான காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். பக்கம் 1 மைக்ரோமீட்டர் கொண்ட கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர மைக்ரோமீட்டர், கனஅளவு 1 கன மைக்ரோமீட்டர். பக்கத்தை 10 மடங்காக்கினால் மேற்பரப்பு 600 ஆகவும் கனஅளவு 1000 ஆகவும் உயர்கின்றன. அதாவது ஒவ்வொரு அலகு கனஅளவுக்கும் கிடைக்கும் மேற்பரப்பு 6 இலிருந்து 0.6 ஆகக் குறைகிறது. உணவும் உயிர்வளியும் மேற்பரப்பு வழியாகவே உள்ளே வரவேண்டியிருப்பதால், உயிரணு பெரிதாகும்போது அதன் தேவைக்கேற்ப அவை கிடைப்பதில்லை. எனவே பெரிய உயிரினங்களின் உடலில் உயிரணுக்களின் எண்ணிக்கையே மிகுதியாக உள்ளது. மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது.

உயிரணு வகைகள்

நிலைக்கருவிலி உயிரணு

புரோகேரியோட்டு எனவும் அழைக்கப்படும் இவ்வகையில், மென்சவ்வால் சூழப்பட்ட உட்கரு இல்லை. டி.என்.ஏ சைட்டோபிளாசத்திலேயே காணப்படுகிறது. இவை பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளம் உடையவை. பாக்டீரியாக்களும் ஆர்க்கீயாக்களும் இவ்வகையின. இவ்விரண்டும் தனித்தனிக் குழுக்கள் என்பதை 1977 இல் கார்ல் வோசும் ஜார்ஜ் ஃபாக்சும் காட்டினர். வழக்கத்துக்கு மாறாக, கரிபியன் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காடுகளிலிருந்து 2022 இல் விவரிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, ஏறத்தாழ 1 சென்ட்டிமீட்டர் நீளமுடைய ஒற்றை உயிரணு ஆகும்.

மெய்க்கரு உயிரணு

யூகேரியோட்டு எனப்படும் இவ்வகையில் டி.என்.ஏ உட்கருவுக்குள் அமைந்துள்ளது. ஆற்றலை விடுவிக்கும் இழைமணி முதலிய, மென்சவ்வால் சூழப்பட்ட நுண்ணுறுப்புகளும் உள்ளன. தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள், அமீபா போன்றவை இவ்வகையில் அடங்கும்.

* தாவர உயிரணு: செல்லுலோசால் ஆன சுவர், ஒளிச்சேர்க்கை நிகழும் பசுங்கணிகம், நடுவில் பெரிய நுண்குமிழி ஆகியவற்றைக் கொண்டது. வேர் உயிரணுக்கள் போன்ற, ஒளி படாத பகுதிகளில் பசுங்கணிகம் இருப்பதில்லை.
* விலங்கு உயிரணு: சுவரோ பசுங்கணிகமோ இல்லை. எனவே வடிவத்தை எளிதில் மாற்றிக்கொள்ள முடிகிறது.
* பூஞ்சை உயிரணு: சுவர் உண்டு, ஆனால் அது கைட்டின் கொண்டது. பசுங்கணிகம் இல்லை.

பல உயிரணு உயிரினங்களில் உயிரணுக்கள் பணிக்கேற்ப மாறுபடுகின்றன. மனிதனின் செங்குருதி அணு ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமுடைய தட்டு வடிவினது. சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பு உயிரணுவின் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கலாம்.

மருத்துவத்தில் முக்கியத்துவம்

நோய் என்பது உயிரணுக்களில் ஏற்படும் மாற்றம் என்ற கருத்தை 1858 இல் விர்ச்சோ தம் நூலில் முன்வைத்தார். புற்றுநோயை உயிரணுப் பிளவின் கட்டுப்பாடு குலைவதாக விளங்கிக்கொள்வதற்கு இக்கருத்து வழிவகுத்தது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் உயிரணு வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன. வளரும் பாக்டீரியாவின் சுவர் உறுதியாகக் கட்டப்படுவதைப் பெனிசிலின் தடுக்கிறது. சுவர் வலுவிழப்பதால் நீர் புகுந்து பாக்டீரியா வெடிக்கிறது. மனித உயிரணுவில் சுவரே இல்லாததால் அது இவ்வாறு தாக்கப்படுவதில்லை. சுவரற்ற பாக்டீரியாவான மைக்கோபிளாசுமாவைப் பெனிசிலின் கொல்லாததற்கும் இதுவே காரணம். இடெட்ராசைக்கிளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகின்றன. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரசுகளுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. எனவே வைரசு நோய்களுக்கு இம்மருந்துகள் பயன்படுவதில்லை. தேவையின்றி உட்கொண்டால் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகவும் வழியாகிறது.

வரம்புகள்

* வைரசுகள் உயிரணுக்கள் அல்ல. வேறோர் உயிரணுவுக்குள் புகுந்த பின்னரே அவை பெருக முடியும். அவற்றை உயிருள்ளவை எனக் கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது.
* எலும்புத் தசையின் இழை, பல உயிரணுக்கள் ஒன்றிணைந்து உருவாவது. ஒரே மென்சவ்வுக்குள் பல உட்கருக்கள் உள்ளன.
* இழைமணிக்குத் தனி டி.என்.ஏவும், பாக்டீரியாவினதை ஒத்த ரைபோசோமும் உண்டு. அது முற்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் தங்கி வாழத் தொடங்கிய பாக்டீரியாவின் வழித்தோன்றல் என 1967 இல் லின் மார்குலிசு வாதிட்டார். இக்கருத்து இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.
* மூன்றாவது கூற்று, முதல் உயிரணுவின் தோற்றத்தை விளக்குவதில்லை. புவியில் உயிர்கள் குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. அன்றைய புவியில் உயிரற்ற வேதிப்பொருட்களிலிருந்து முதல் உயிரணு எவ்வாறு தோன்றியது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. அதன் பின்னர் தோன்றிய உயிரணுக்கள் அனைத்தும், இன்று மனித உடலில் உள்ளவை உட்பட, முறியாத ஒரே பிளவுத் தொடரின் வழிவந்தவை ஆகும்.