வில்லன் இல்லாத கல்யாணம்

1882-இல் பிறந்த மராத்தி சுபத்திரை இன்னமும் மேடையில் பாடுகிறாள்

அண்ணன் பலராமன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை துரியோதனன். தங்கை சுபத்திரையின் மனதிலோ அர்ஜுனன். இன்னொரு அண்ணன் கிருஷ்ணன் எதிர்த்துப் பேசுவதில்லை. சிரித்துக்கொண்டே காய் நகர்த்துகிறான். விரக்தியில் காவி கட்டிய அர்ஜுனனை மகா தபஸ்வி என்று நம்பும் பலராமன், தானே வீட்டுக்கு அழைத்து வந்து பணிவிடைக்குத் தங்கையையே அமர்த்துகிறான். பிறகென்ன, கல்யாணம்தான்!

அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத் சௌபத்ர' நாடகத்தின் கதை இவ்வளவே. 1882 நவம்பர் 18 அன்று புனேயில் முதல் மூன்று அங்கங்கள் மட்டும் அரங்கேறின; முழு நாடகம் அடுத்த ஆண்டுதான். அதுவரை மராத்தி மேடையில் பெரும்பாலும் சூத்திரதாரியே பாடுவார், நடிகர்கள் அபிநயிப்பார்கள். கிர்லோஸ்கர் பாட்டைப் பாத்திரங்களின் வாயிலேயே வைத்தார். கோபமோ, ஏக்கமோ, கேலியோ, சுபத்திரையே பாடினாள். பெல்காம் பகுதிக்காரரான அவர் லாவணி, சாகி, திண்டி மெட்டுகளோடு கர்நாடக மெட்டுகளையும் தாராளமாகக் கலந்தார். கீர்த்தனம் கேட்டுப் பழகிய கூட்டம் மயங்கியது.

புராணக் கதைதான். ஆனால் அது அரங்கேறிய காலம் அப்படிப்பட்டது. 11 வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவனுடன் வாழ மறுத்ததற்காக 1884-இல் பம்பாய் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார். கணவன் வீட்டுக்குப் போ, இல்லையேல் சிறை என்று 1887-இல் தீர்ப்பு வந்தது. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்ற சுபத்திரைக்கு மேடையில் கைதட்டல். நிஜத்தில் அதையே சொன்ன பெண்ணுக்கு ஏச்சு.

அந்த சுபத்திரையும் பெண் அல்ல. பாவுராவ் கோல்ஹட்கர் முதல் பாலகந்தர்வா வரை, அவள் புடவையைக் கட்டியவர்கள் ஆண்களே. பாலகந்தர்வா மேடையில் உடுத்திய புடவையும் அணிந்த நகையும் குடும்பப் பெண்களின் நாகரிகமாயின. ஆனால், பெண் மேடையேறினால் மட்டும் மானம் போகும். ஹீராபாய் பரோடேகர் போன்ற பாடகிகள் துணிந்து வந்த பிறகே அந்தத் தடை தளர்ந்தது.

1932-இல் மராத்தி பேசும் படம் வந்தது. நாடகக் குழுக்கள் தள்ளாடின. 1935-இல் பாலகந்தர்வாவே 'தர்மாத்மா' படத்தில் நடித்தார். விடிய விடிய 'ஒன்ஸ் மோர்' கேட்ட ரசிகர்களும் மறைந்தார்கள். பாட்டுகளைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, 'சௌபத்ர' மட்டும் மறுபடி மறுபடி மேடையேறுகிறது. காரணம் எளிது. இதில் யாரும் சாவதில்லை, வில்லனும் இல்லை. ஏமாறுகிற பலராமன்கூட தங்கைமேல் பாசமுள்ள அண்ணன்தான். கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்க மறந்ததுதான் அவன் செய்த ஒரே தப்பு. அந்தத் தப்பு இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.