கோட் இல்லாமல் நேராகப் பறக்கும் விமானம்



போன எபிசோடில் ட்ரோனுக்குள் இருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் பற்றிப் பேசினோம். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சென்சாரைப் படித்து, மோட்டார்களின் வேகத்தை மாற்றி, ட்ரோனைக் கவிழாமல் பிடித்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அது. அதைக் கழற்றிவிட்டால் ட்ரோன் உடனே கவிழும். அப்படியென்றால் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஒரு பொம்மை விமானம் எப்படித் தானாக நேராகப் பறந்தது? இந்த வாரம் அதைப் பார்ப்போம். விடையை நீங்களே கட்டிப் பறக்கவிடலாம்: ரப்பர் பேண்டில் ஓடும் பால்சா மர விமானம்.

1871-ல் வந்த ஐடியா

அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது பிரெஞ்சு இளைஞர், 1871 ஆகஸ்டில் பாரிஸின் டுயிலரி பூங்காவில் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர்தான் அதன் எஞ்சின். 11 நொடியில் சுமார் 40 மீட்டர் போனது. ரைட் சகோதரர்கள் பறந்ததற்கு 32 வருடம் முன்பு! அந்தச் சகோதரர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அப்பா வாங்கி வந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையும் பெனோவின் டிசைனிலிருந்து வந்ததுதான்.

பெனோ செய்தது இரண்டே வேலை. ஒன்று, வால் இறக்கையை முன் இறக்கையைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் வைத்தார். மூக்கு கீழே சாய்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வாலைக் காற்று இன்னும் பலமாகக் கீழே அமுக்கும். மூக்கு தானாக மேலே வரும். மூக்கு அதிகம் தூக்கினால் வேகம் குறையும், வாலின் அழுத்தமும் குறையும், மூக்கு இறங்கும். இரண்டு, இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். ஒரு பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த பக்க இறக்கைக்குக் காற்று அதிகத் தூக்கல் கொடுத்து நிமிர்த்திவிடும்.

இது ஃபீட்பேக் லூப்தான், இல்லையா? கோட் எழுதவில்லை, கோணத்திலேயே எழுதிவிட்டார்.

கட்டும்போது

பால்சா பெரும்பாலும் எக்வடோரிலிருந்து வருகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ என்றால், பால்சா சுமார் 160 கிலோதான். பிளேடாலேயே வெட்டலாம். முதல் விமானத்துக்கு 'டெல்டா டார்ட்' மாதிரி ஒன்று போதும்: உடலுக்கு ஒரே குச்சி, டிஷ்யூ பேப்பர் ஒட்டிய இறக்கை, பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர். ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சனாக இருங்க: வால் பக்கம் பசை. வால், எடை மையத்திலிருந்து ரொம்பத் தூரம், மூக்கு பக்கத்தில். அதனால் வாலில் 1 கிராம் கூடினால், சமன் செய்ய மூக்கில் அதைவிட அதிகமாகக் களிமண் ஒட்ட வேண்டிவரும். லேசான குச்சிகளை வாலுக்கு ஒதுக்குங்க.

பலபேர் கைவிடும் இடம்

கட்டி முடித்ததும் ரப்பரை முழுசாக முறுக்கி விடுவோம். விமானம் செங்குத்தாக ஏறும், அல்லது இடது பக்கம் சுருண்டு தரையில் குத்தும். "நமக்கு இது வராது" என்று அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். விமானத்தில் பெரும்பாலும் குறையே இருக்காது. டியூன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் ரப்பரில் இருக்கிறது. பேட்டரி மாதிரி அது சீராகச் சக்தி தராது. விட்ட முதல் சில நொடிகளில் பயங்கர வேகம், பிறகு நிதானம், கடைசியில் ஒன்றுமில்லை. அதாவது ஒரே விமானம் ஒரே தடவையில் இரண்டு விதமாகப் பறக்க வேண்டும்: எஞ்சினோடும், எஞ்சின் இல்லாமலும். நடுவில் உங்களால் எதையும் மாற்ற முடியாது.

அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யணும்.

முதலில் முறுக்காமல், தலை உயரத்திலிருந்து மெதுவாகத் தள்ளிவிடுங்க. புல்தரை நல்லது. மூக்கு தூக்கி, நின்று, விழுந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண். நேராகக் குத்தினால் களிமண்ணைக் குறைக்கலாம், அல்லது வாலின் பின் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் மேலே வளைக்கலாம். சறுக்கல் அழகாக வந்தபின் வாலையும் எடையையும் தொடாதீங்க.

அடுத்து, 50 சுற்று மட்டும் முறுக்குங்க. இப்போது செங்குத்தாக ஏறித் தடுமாறினால், கை தானாக வாலுக்குப் போகும். போகக் கூடாது! வாலை மாற்றினால் சறுக்கல் கெட்டுவிடும். ப்ரொப்பெல்லரைத் தாங்கும் பகுதியைத் துளி கீழ்நோக்கிச் சாயுங்க. இடது பக்கம் சுருண்டால், அது ப்ரொப்பெல்லர் சுழலும்போது உடலை எதிர்ப்பக்கம் திருப்புவதால். ப்ரொப்பெல்லரைத் துளி வலது பக்கம் திருப்புங்க.

இதில்தான் அழகே இருக்கிறது. ப்ரொப்பெல்லரின் சாய்வு, ரப்பரில் பலம் இருக்கும்போது பலமாக வேலை செய்யும். ரப்பர் தளரத் தளர அந்தத் திருத்தமும் தானாகக் கரையும். ரப்பர் ஓய்ந்ததும் நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த சறுக்கல் மட்டும் மிஞ்சும். ஒரு திருத்தம், தேவைப்படும் நேரம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறது.

பிறகு 100 சுற்று, 150 சுற்று என்று கூட்டுங்க. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். செய்ததை ஒரு நோட்டில் எழுதுங்க. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பக் தேடியவர்களுக்கு இது புதுசில்லை.

அப்பா அம்மா சின்ன வயசில் பட்டம் விட்டவர்களா? சூத்திரக் கயிறு கட்டுவது பற்றிக் கேட்டுப் பாருங்க. முடிச்சு ஒரு விரல் தள்ளிப்போனாலும் பட்டம் குட்டிக்கரணம் போடும். மேலே நடக்கப்போவதைக் கீழேயே முடிவு செய்யும் அதே வேலைதான் அதுவும்.

சாஃப்ட்வேரில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம்: முதலில் ரிலீஸ், பிறகு பேட்ச். கையை விட்டுப் போன இந்த விமானத்துக்குப் பேட்ச் கிடையாது. யோசிக்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே யோசித்தாகணும். காற்றில்லாத ஒரு காலை நேரம் கிடைத்தால் முயற்சி செய்யுங்க. எத்தனை நொடி பறந்தது என்று எழுதி அனுப்புங்க. பெனோவின் 11-ஐ யார் தாண்டுகிறீர்கள் பார்ப்போம்.